அதிலே இலக்கியம் எங்கேய்யா இருக்கு?

எம்.ஏ. படித்தவர்களுக்குத் தெரியும். கடைசி வருஷத்தில் 'ப்ராஜெக்ட்' என்று ஒரு கண்டம் உண்டு. தமிழ் டிபார்ட்மென்ட்டில் அதற்கு வேட்டி கட்டி 'ஆய்வேடு' என்று கூப்பிடுவார்கள். ஒன்றரை வருஷம் ஐயா சொன்னதை நோட்டில் எழுதி, நோட்டில் எழுதியதைப் பரீட்சையில் எழுதி வந்த பையன், கடைசி நாலு மாசம் மட்டும் தானே ஒரு விஷயத்தைப் பிடித்து, தானே யோசித்து, தானே எழுத வேண்டும். நீச்சல் தெரியாதவனை மூணு செமஸ்டர் கிணற்றுப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு, நாலாவது செமஸ்டரில் பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி!

ஆனாலும் நம்மவர்கள் யாரும் முழுகிப் போவதில்லை. சீனியர் என்று ஒரு சுரைக்குடுக்கை எதற்கு இருக்கிறது? போன வருஷத்து அண்ணன் 'சிலப்பதிகாரத்தில் பெண்கள்' எழுதியிருப்பார். இந்த வருஷத்துத் தம்பி 'மணிமேகலையில் பெண்கள்'. அடுத்த வருஷம் வரும் தங்கை 'இரட்டைக் காப்பியங்களில் பெண்கள்' என்று இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுவாள். சொந்தச் சரக்கு இருக்கும் ஒரே இடம் நன்றியுரை. அதில் பிரின்ஸிபாலில் ஆரம்பித்து, ஹாஸ்டல் வார்டன், மெஸ் மாஸ்டர், பைண்டிங் செய்தவர் வரை எல்லோருக்கும் 'நெஞ்சார்ந்த' நன்றி இருக்கும்.

1994-ல் என் முறை வந்தது.

எனக்கு மணிமேகலை மேல் எந்த விரோதமும் கிடையாது. ஆனால் என் மனசில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. என் அப்பா ஒரு கம்பாஸிட்டர். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன டவுன் பிரஸ்ஸில் பதினாலு வயசில் வேலைக்குச் சேர்ந்தவர். அவரும் அவர் சகாக்களும் பேசுகிற தமிழ் ஒரு தனித் தமிழ். அதைப் பிடித்து ஆய்வேடு பண்ணினால் என்ன?

கம்பாஸிட்டர் என்றால் யார் என்று இன்றைய இளைஞர்களுக்குச் சொல்லியாக வேண்டும். தமிழில் 'அச்சுக்கோப்பவர்'. ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி மூன்றும் கலந்து வார்த்த எழுத்துக்கள், 'கேஸ்' என்ற மரத்தட்டில் அறை அறையாகக் கிடக்கும். இடது கையில் 'ஸ்டிக்'கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். எழுத்து கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பியிருக்கும். அடுக்குவதும் தலைகீழாக. இங்கிலீஷ்காரன் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் சேர்த்து 52-ல் முடித்துவிடுவான். நமக்கோ கு, கூ, சு, சூ என்று போகிற உகர, ஊகார வரிசை மட்டுமே 36! எந்த அறையில் எந்த எழுத்து என்று கண் பார்க்காது, கைக்குத் தெரியும்.

இதனால் அப்பாவுக்கு ஒரு விசேஷ சக்தி உண்டாகியிருந்தது. சலூனில் எதிர் பெஞ்சில் ஒருத்தர் பேப்பர் படித்தால், அப்பா இந்தப் பக்கமிருந்தே தலைகீழாக அதைப் படித்து முடித்துவிடுவார். "பக்கத்தைத் திருப்புங்க" என்று அவர் சொல்லப்போய், எதிராளி முறைத்ததும் உண்டு.

தலைப்பை எடுத்துக்கொண்டு எங்கள் ஐயாவிடம் போனேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இலக்கியம்னா சங்கம் இருக்கு, சமயம் இருக்கு. போனாப் போகுதுன்னு புதுக்கவிதைகூட இருக்கு. பிரஸ்ஸுக்குள்ளே போய் என்னய்யா இலக்கியத்தைத் தேடுவே?"

"ஐயா, இலக்கியம் பூரா அதுக்குள்ளே போய்த்தானே ஐயா வெளியே வந்துது?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "உன் இஷ்டம். ஆனா எனக்கு இதிலே ஒண்ணும் தெரியாது. சந்தேகம்னு எங்கிட்டே வராதே. வைவாவிலே அடி விழுந்தா நீயே வாங்கிக்க."

இப்படித்தான் ஸார், என் ப்ராஜெக்ட் 'சுதந்திர' ப்ராஜெக்ட் ஆனது! ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கையெழுத்தும் போட்ட அந்த மனுஷர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. தெரியாத விஷயத்துக்கு மேற்பார்வை பண்ணுகிற ஆபீஸர்களை அப்புறம் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

அவசரம் ஒன்றும் இருந்தது. பிரஸ் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். தனி ரூம், ஏ.ஸி., செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கர்ப்பக்கிருகம் தோற்றது! பங்குனி முகூர்த்தங்கள் முடிந்ததும் பழைய எழுத்துக்களை எல்லாம் எடை போட்டு விற்றுவிடுவதாகப் பேச்சு. அதற்கப்புறம் அப்பாவுக்கு வேலை உண்டா, கிடையாதா என்று முதலாளி சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. வீட்டில் அம்மா மட்டும் அரிசி களையும்போது கொஞ்சம் அதிக நேரம் களைந்துகொண்டிருந்தாள்.

நான் முதலில் போனது லைப்ரரிக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகன், 1924-லிருந்து 1936 வரை ஆறு வால்யூமாக வந்தது, ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். அடுத்து க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அது 1992-ல்தான் வந்திருந்தது, பைண்டிங் வாசனைகூடப் போகவில்லை. அப்பா வாயில் தினம் புரளுகிற வார்த்தைகளைத் தேடினால், வார்த்தை இருந்தது; அப்பா சொல்கிற அர்த்தம் இல்லை. எனக்குத் தைரியம் கொடுத்தது மூன்றாவது புத்தகம். கி.ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார அகராதி, 1982-ல் வந்தது. கி.ரா. பெரிய படிப்புப் படித்தவரில்லை, இடைசெவல் கிராமத்து விவசாயி. தன் ஊர்க்காரர்கள் பேசுகிற வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து ஒரு அகராதியே போட்டுவிட்டார். பிற்பாடு பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியராக உட்கார வைத்தது. சரி, கரிசல் காட்டுக்கு ஒருத்தர் செய்ததை ஒரு டவுன் பிரஸ்ஸுக்கு நாம் செய்வோம் என்று கிளம்பிவிட்டேன்.

ஆராய்ச்சி நெறிமுறைப் புத்தகத்தில் சொன்னபடி முதல் நாள் கேள்வித்தாள் தயார் செய்துகொண்டு அப்பா முன்னால் உட்கார்ந்தேன்.

"தாங்கள் இத்தொழிலில் எத்தனை ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறீர்கள்?"

"ஏண்டா, சென்சஸ்லேர்ந்து வர்றியா?" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கேள்வித்தாள் இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு நானே பிரஸ்ஸுக்குப் போக ஆரம்பித்தேன். அப்பா சாப்பிடுமுன் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவுவார். ஈயம் வயிற்றுக்குள் போனால் விஷம். இரண்டாவது தரம் கழுவும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும். சோறு முடியும்வரை அரை மணி. அந்த அரை மணிதான் என் வகுப்பு. நாற்பது நாள் நடந்தது.

என்னென்ன வார்த்தைகள் ஸார்! 'பாரம்' என்பது ஃபாரம் என்ற இங்கிலீஷ் வார்த்தை. பக்கம் பக்கமாக எழுத்தை இரும்புச் சட்டத்துக்குள் முடுக்கி மெஷினில் ஏற்றுவது. தூக்கிப் பார்த்தால் நிஜமாகவே பாரம்தான். 'கேலி' என்பது கோத்த எழுத்தை அடுக்குகிற நீளத் தட்டு. அதிலிருந்து எடுக்கிற முதல் புரூஃப், கோத்தவரைக் கேலி பண்ணுகிற மாதிரியே இருக்கும். அப்புறம் கால், கொம்பு, விலங்கு, சுழி. 'கா' எழுத துணைக்கால். 'கெ'க்கு ஒற்றைக் கொம்பு, 'கே'க்கு இரட்டைக் கொம்பு. "ரெண்டு கொம்பு எடுடா... இந்தக் கால் ஒடிஞ்சிருக்கு, தூக்கிப் போடு... ஒத்தைக் கொம்பு தீர்ந்துபோச்சா?" என்று உள்ளேயிருந்து வருகிற சத்தத்தை வெளியே நின்று கேட்டால், மாட்டுச் சந்தையோ என்று தோன்றும்.

முகூர்த்த மாசத்தில் ஒரு கூத்து நடக்கும். நாலைந்து கல்யாணப் பத்திரிகைகள் ஒரே சமயத்தில் பாரத்தில் ஏறி நிற்கும். எல்லாவற்றிலும் 'அழைக்கிறோம்', 'வாழ்த்த வேண்டுகிறோம்'. கேஸில் இருக்கிற 'ழ' எல்லாம் தீர்ந்துபோகும். ஆறாவதாக ஒரு பார்ட்டி வந்தால்? பிரித்துப் போடும் வரைக்கும் 'ழ' கிடையாது. அப்பா அவர்களை உட்கார வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, "ஏங்க, 'வாழ்த்தியருள' வேண்டாமே, 'ஆசி கூற'ன்னு போட்டா இன்னும் கௌரவமா இருக்குமே" என்பார். அவர்களும் 'அட, ஆமாம்' என்று சந்தோஷமாகப் போவார்கள். எங்கள் ஊரில் ஏகப்பட்ட தம்பதிகள் 'ழ' இல்லாமலே ஆசி பெற்றவர்கள். யாருக்கும் எந்தக் குறைச்சலும் வரவில்லை!

இன்னொரு நாள் 1978 பற்றிக் கேட்டேன். அந்த வருஷம்தான் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த உத்தரவு போட்டது. 1935-லேயே பெரியார் 'குடி அரசு'வில் கொண்டுவந்த மாற்றம். ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரங்கள், ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்துக்களின் உருவம் மாறியது. யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருந்த பழைய 'லை' போய், இப்போது நாம் எழுதுகிற 'லை' வந்தது. உத்தரவு வந்தபோது பிரஸ் முதலாளிக்கு உதறலாம். புது எழுத்து வாங்கக் காசுக்கு எங்கே போவது? அப்பா சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "முதலாளி, ஒரு எழுத்துகூட வாங்க வேண்டாம். மத்த எழுத்துக்கு வச்சிருக்கிற காலும் கொம்பும் போதும். கேஸ்லே நாலு அறை காலியாகும், அவ்வளவுதான்."

எத்தனையோ புத்தகங்களில் எழுத்துச் சீர்திருத்தம் பற்றிப் படித்திருக்கிறேன். ஒரு மர கேஸுக்குள்ளேயிருந்து பார்த்தால் அது எப்படித் தெரிந்தது என்று அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வெறும் வார்த்தைப் பட்டியல் போதாது, ஆய்வேடென்றால் பின்புலம் வேண்டும். அதையும் தேடினேன். தமிழ் எழுத்தில் இந்தியாவில் முதலில் அச்சான புத்தகம் 'தம்பிரான் வணக்கம்', 1578-ல் கொல்லத்தில், மொத்தம் 16 பக்கம். அதற்கு முன்னால் எல்லாம் ஓலைதான். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்று ஒரு மார்க் கேள்விக்கு நாமெல்லாம் பதில் எழுதியிருக்கிறோம். அந்த ஓலைகளைப் படித்து அவர் எழுதியதை, ஒவ்வொரு புள்ளியாக, ஒவ்வொரு கொம்பாக ஈயத்தில் கோத்துக் கொடுத்த கைகள் சில இருந்திருக்க வேண்டுமே! அவற்றுக்கு எந்தப் பரீட்சையிலும் மார்க் கிடையாது. கோத்தவரே எழுத்தாளராகிப் பெயர் வாங்கிய கதைகளும் உண்டு. விந்தன் அச்சுக்கோப்பவராக இருந்து, 'கல்கி'யில் உதவி ஆசிரியரானவர். அமெரிக்கக் கவி வால்ட் விட்மன் 1855-ல் தன் முதல் கவிதைப் புத்தகத்தின் சில பக்கங்களைத் தானே கோத்தார்.

எல்லாம் எழுதி முடித்தேன். 78 பக்கம். டைப் அடிக்கக் கொடுத்தேன். அடித்து வந்ததைப் பார்த்தால் தலை சுற்றியது. 'அச்சுக்கோப்பு' பாதி இடத்தில் 'அச்சுக்காப்பு' ஆகியிருந்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் பைண்டிங்குக்குப் போக வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கடியில் உட்கார்ந்து திருத்தப் பார்த்து, கண்ணைச் சொருகித் தூங்கிப்போனேன்.

காலையில் எழுந்தால் 78 பக்கமும் மேஜையில் அடுக்கியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் புரூஃப் குறிகள். செருகல் குறி, நீக்கல் குறி, இடம் மாற்றுக் குறி, ஒன்று தப்பவில்லை. முத்து முத்தாக அப்பாவின் கை. ராத்திரி பூரா உட்கார்ந்திருக்கிறார். ஆய்வேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லவில்லை. அது அவர் வழக்கமும் இல்லை. நன்றியுரைப் பக்கத்தில் மட்டும் ஒரு திருத்தம், டைப் பிழை இல்லை அது. 'தெய்வத்தினும் மேலான என் தந்தையார்' என்று இருந்ததில் முதல் இரண்டு வார்த்தைகள் மேல் நீக்கல் குறி போட்டு, ஓரத்தில் ஒரே ஒரு குறிப்பு: 'ஓவர்'.

அந்தப் பக்கத்தை அவர் சொன்னபடியே மாற்றி அடித்துக் கொடுத்தேன். பென்சில் போட்ட பிரதியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

வைவா வந்தது. வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் வயசானவர். கவிதைப் புத்தகங்கள் போட்டவர், உரையாசிரியர். ஆய்வேட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அதிலே இலக்கியம் எங்கேய்யா இருக்கு?"

எங்கள் ஐயா என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார்.

நான் 'ழ' கதையைச் சொன்னேன். "இந்த இடத்திலே இந்தச் சீர்தான் வரணும்னு ஒரு கட்டு இருக்கிறப்போ, புலவர் வேற வார்த்தை தேடுறார் ஐயா. அதுக்கு யாப்புன்னு பேரு வச்சிருக்கோம். கேஸிலே எழுத்து தீர்ந்த கட்டிலே எங்கப்பாவும் வேற வார்த்தை தேடுறார். அதுக்குப் பேரு வைக்கலை, அவ்வளவுதானே?"

அவர் சிரிக்கவில்லை. சொல் பட்டியல் பக்கத்துக்குப் போய் ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்: "என் முதல் புஸ்தகத்துக்கு ஆறு மாசம் தினம் பிரஸ்ஸுக்கு அலைஞ்சிருக்கேன். கோத்தவர் குள்ளமா, காதிலே கடுக்கன் போட்டிருப்பார். அவர் பேரு என்னன்னு நான் கேக்கவே இல்லையே..."

அதற்கப்புறம் கேள்வி இல்லை. நூற்றுக்கு 68 போட்டார்கள். 'மணிமேகலையில் பெண்கள்' 74!

பங்குனி முடிந்து சித்திரையில் லாரி வந்தது. கேஸ்களைக் கவிழ்த்து எழுத்துக்களைச் சாக்கில் கொட்டி எடை போட்டார்கள். அகரமும் ஆய்தமும் ஒரே விலை. அப்பா வேலைக்கு நின்றுபோகவில்லை. அந்த ஏ.ஸி. ரூமில் கம்ப்யூட்டர் பெண்கள் அடித்ததை புரூஃப் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். பத்து வருஷம் பார்த்தார். "நேரா இருக்கிற எழுத்தைப் படிக்கிறதுதாண்டா கஷ்டமா இருக்கு" என்பார். அவர் போய்ச் சேர்ந்தும் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் சொல்லி நான் எழுதிக்கொண்ட 212 வார்த்தைகள் மட்டும் இருக்கின்றன. எங்கள் ஊரில் அவற்றைப் பேச இன்றைக்கு ஆள் இல்லை.

எனக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பி.ஹெச்டி. பண்ணவில்லை, பேராசிரியராகவில்லை. பரீட்சை எழுதி ஒரு ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இப்போது சூப்பிரண்டெண்ட். ஆனால் ஒரு ஃபைலைக் கையில் வாங்கினால், மேலே கையெழுத்துப் போட்டவரைத் தாண்டி, இதை முதலில் எழுதினது யார், என்ன கஷ்டத்தில் எழுதினார் என்று பார்க்கிற கண் ஒன்று இருக்கிறதே, அது அந்த நாற்பது மத்தியானங்களில் வந்தது.

இந்த வருஷம் எங்கள் செக்ஷன் தோழர் ஒருவரின் பையன் வந்து, "அங்கிள், ப்ராஜெக்டுக்கு நல்ல டாபிக் சொல்லுங்க" என்றான். இன்றைக்கு அவர்களுக்கு வசதி அதிகம். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஸைன்போர்டு எழுதிக்கொண்டே ஒரு மனுஷர் ஆயுசு பூரா சேர்த்த புத்தகங்களும், நோட்டீஸ்களும், கல்யாணப் பத்திரிகைகளும்தான் அதற்கு அஸ்திவாரம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய புத்தகங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். கம்ப்யூட்டரைக் கேட்டால் ஆய்வேட்டையே எழுதிக் கொடுத்துவிடுகிறது. மணிமேகலையில் பெண்களை அது என்னைவிட நன்றாகவே எழுதும், சந்தேகமில்லை.

அந்தப் பையனிடம் ஒன்றுதான் கேட்டேன். "உன் தாத்தா என்ன வேலை பார்த்தார்?"

"தறி நெசவு, அங்கிள்."

"இப்ப இருக்காரா?"

"இருக்கார். காது கொஞ்சம் மந்தம்."

"அப்ப உரக்கப் பேசுவார், நல்லதாப் போச்சு. தறியிலே எத்தனை பாகம், ஒவ்வொண்ணுக்கும் என்ன பேரு, நூல் அறுந்தா என்ன சொல்லித் திட்டுவாங்க, பாட்டி பக்கத்திலே உக்காந்து என்ன பாடுவாங்க... லைப்ரரிக்கு அப்புறம் போ. முதல்லே அவர்கிட்டே போ. கேள்வித்தாள் எடுத்துட்டுப் போகாதே, சாப்பாடு எடுத்துட்டுப் போ."

பையன் சந்தேகமாகப் பார்த்தான். "எங்க கைடு, அதிலே இலக்கியம் எங்கேன்னு கேட்டா?"

"கேக்கட்டும். கேட்டாத்தானே நீ பதில் சொல்ல முடியும்?"

ப்ராஜெக்டெல்லாம் முடித்து ஆபீஸில் உட்கார்ந்துவிட்ட உங்களுக்கும் விதிவிலக்கு கிடையாது. உங்கள் செக்ஷனில் ரிடையராகப் போகிற பெரியவர் ஒருத்தர் கட்டாயம் இருப்பார். டைப்ரைட்டர் காலத்து ஆள். கார்பன் பேப்பர் வைத்து ஆறு காப்பி எடுத்தவர், ஸ்டென்ஸில் வெட்டி ரோனியோ சுற்றியவர். அவர் பேசுகிறதில் பாதி வார்த்தை உங்களுக்குப் புரியாமல், பக்கத்து சீட்காரரைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். நாளைக்கு லஞ்சுக்கு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். இனிஷியலோடு.